செயலாளர் ஆண்டறிக்கை 2025: செயின்ட்ஸும் நம்ம குழுவும்

தலைவர் அண்ணன், பொருளாளர் அண்ணன், கமிட்டில இருக்கற அக்காமார், சந்தா கட்டின உறுப்பினர்கள், இன்னும் கட்டாத உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: செயின்ட்ஸ்னா செயின்ட் கில்டா, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் லீக்ல (ஏஎஃப்எல்) ஆடற மெல்போர்ன் டீம், அதோட ரசிகர் குழுதான் நாம. அறிக்கை லேட்டுதான், மன்னிச்சுக்கோங்க. டீமுங்க ஆளுங்கள மாத்திக்கற ட்ரேட் பீரியட் முடியட்டும்னு பார்த்தேன், அது முடிஞ்சதும் அடுத்த வருஷ மேட்ச் பட்டியல், அதான் ஃபிக்ஸ்ச்சர், வரட்டும்னு பார்த்தேன், ஃபிக்ஸ்ச்சரும் வந்தப்புறம் ட்ரெய்னிங் ஆரம்பிக்கட்டுமேன்னு இருந்தேன், இப்படியே போனா மார்ச் மாசம்தான் எழுதுவீங்கன்னு வீட்டுல சொன்னாங்க, அதான் இன்னிக்கு சாப்பிட்டு முடிச்ச கையோட உக்காந்துட்டேன்.

மொதல்ல ஒண்ண ஒத்துக்கறேன். போன வருஷ அறிக்கையில "2025-ல ஃபைனல்ஸ் உறுதி"ன்னு எழுதினது நான்தான். ஃபைனல்ஸ்னா சீசன் கடைசில மேல இருக்கற டீமுங்க மட்டும் கோப்பைக்காக ஆடற மேட்சுங்க. மினிட்ஸ் நோட்டுல அப்படியே இருக்கு, தலைவர் அண்ணன் அது மேல மஞ்சள் மை வேற தடவி வச்சிருக்கார். நடந்தது என்னன்னா 9 மேட்ச் ஜெயிச்சோம், 14 தோத்தோம், 18 டீம்ல 12-வது. அதனால இந்த அறிக்கையில உறுதிங்கற வார்த்தை இதுக்கு மேல வராது.

குழு விவகாரம் சுருக்கமா. உறுப்பினர் 23 பேர், போன வருஷம் 19. புதுசா வந்த நாலு பேர்ல ரெண்டு பேர் கார்ல்டன் டீம் ரசிகரா இருந்தவங்க, அங்கருந்து நம்ம டீமுக்கு வந்த டாம் டி கோனிங் கூடவே வந்துட்டோம்னு சொல்றாங்க, நம்பலாமா வேண்டாமான்னு கமிட்டிதான் பார்த்து சொல்லணும். கூட்டம் நாலு தடவ போட்டோம், மூணு தடவ கோரம் இருந்துச்சு, ஒரு தடவ மழை.

சீசன் எப்படி போச்சுன்னு உங்களுக்கே தெரியும். மொத ரவுண்டு அடிலெய்டுல போய் செம அடி வாங்கிட்டு வந்தாங்க, அடுத்த வாரமே இங்க மார்வெல் ஸ்டேடியத்துல ஜீலாங்க ஜெயிச்சாங்க. எந்த ஜீலாங், கடைசில கிராண்ட் ஃபைனல் வரைக்கும் போன ஜீலாங். அவங்கள தோக்கடிக்க முடிஞ்ச டீமு 12-வது இடத்துல முடிக்குதுன்னா அங்க திறமை பிரச்சனை இல்ல, நாலு குவார்ட்டரும் ஒரே மாதிரி ஆடற பழக்கம் இல்ல. ஒரு குவார்ட்டர் சிங்கம் மாதிரி ஆடுவாங்க, அடுத்த குவார்ட்டர் எங்க இருக்காங்கன்னே தெரியாது. இத நான் வருஷாவருஷம் எழுதறேன், நம்ம கோச் ராஸ் லயன் படிக்கறதில்ல போல.

இப்ப ஜூலை 27. இத பத்தி எழுதாம அறிக்கைய முடிச்சுடலாம்னு நெனச்சேன், தலைவர் அண்ணன் விடல.

மார்வெல்ல மெல்போர்ன் டீம் கூட மேட்ச், குழுவுலருந்து பதினோரு பேர் போயிருந்தோம். மூணாவது குவார்ட்டர் முடியறப்ப 46 பாயிண்ட் பின்னாடி இருக்கோம். ஞாயித்துக்கிழமை, அடுத்த நாள் பொண்ணுக்கு ஸ்கூல், டிஃபன் பாக்ஸும் காலி, மேட்ச் முடிஞ்சா சதர்ன் கிராஸ் ஸ்டேஷன்ல கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும். நான்தான் எழுந்து "வாங்க கெளம்பலாம், இனி என்ன இருக்கு"ன்னு சொன்னேன். என் பின்னாடி ஏழு பேர் எழுந்தாங்க. பொருளாளர் அண்ணன் மட்டும் அசையல, "காசு குடுத்து வாங்கின டிக்கெட்டு, சைரன் அடிக்கற வரைக்கும் இந்த சீட்டு என்னுது"ன்னு ஃப்ளாஸ்க்க தொறந்து மிச்ச டீய ஊத்திக்கிட்டார். அவர் கூட அக்காவும் தம்பி ஒருத்தனும் உக்காந்துட்டாங்க.

ட்ரெய்ன் ஏறி ரிச்மண்ட் வந்தப்ப பொண்ணு போன்ல ஸ்கோர் பார்த்துட்டு "அப்பா, இருபது பாயிண்ட் கூட இல்ல இப்போ"ங்கறா. பழைய ஸ்கோரா இருக்கும்னு சொன்னேன். காஃபீல்டு வர்றதுக்குள்ள எட்டு பேரும் ஒரே போன சுத்தி நிக்கறோம், ரேடியோல கத்தறாங்க, எதிர் சீட்டுல உக்காந்திருந்த மெல்போர்ன் ஸ்கார்ஃப் போட்ட பெரியவர் எங்கள பார்க்காம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். நம்ம நசாயா வங்கனீன்-மிலேரா ஒரு கோல் (ஆறு பாயிண்ட்) அடிச்சு ஸ்கோர் சமம் ஆயிடுச்சு, மிச்சம் சில செகண்டுதான். திரும்ப நடுவுல பந்து போடணும், அப்ப மெல்போர்ன் ஆளுங்க எடம் மாறி நின்னுட்டாங்க. புது உறுப்பினர்களுக்காக சொல்றேன், நடுவுல பந்து போடும்போது ரெண்டு டீமும் முன்னாடி ஆறு, நடுவுல ஆறு, பின்னாடி ஆறுன்னு நிக்கணும், 2019-ல வந்த ரூல், மொத தடவ தப்பினா வார்னிங், அடுத்த தடவ ஃப்ரீ கிக். அவங்க வார்னிங்க ஏற்கனவே வாங்கிட்டாங்க. நம்ம ரோவன் மார்ஷல் ஃப்ரீ கிக்க எடுத்து முன்னாடி தூக்கி அடிக்கறார், அங்க நசாயா மார்க் எடுக்கறான், அதாவது பந்து கீழ விழாம பிடிக்கறான், பிடிச்சா தடையில்லாம உதைக்கலாம், சைரன் அடிச்சாச்சு, சைரனுக்கு அப்புறம் அந்த உதை நேரா நடுவுல போய் விழுது. ஆறு பாயிண்ட்ல ஜெயிச்சாச்சு. மூணு குவார்ட்டர் முடிஞ்சப்ப இவ்வளவு பின்னாடி இருந்துட்டு ஜெயிச்ச டீம் இந்த லீக்ல இதுக்கு முன்னாடி கெடையாது. கொஞ்ச நாள்ல மெல்போர்ன் கோச் சைமன் குட்வினுக்கு வேலையே போச்சு.

நூறு வருஷத்துக்கும் மேல நடக்கற லீக்குல கடைசி குவார்ட்டர்ல நடந்த பெரிய கம்பேக்க, மைதானத்துல டிக்கெட் வச்சிருந்தும், ஓக்லீ ஸ்டேஷனுக்கு முன்னாடி ட்ரெய்ன்ல நின்னுக்கிட்டு கேட்டவன் உங்க செயலாளர். பொண்ணு ரெண்டு நாள் பேசல. பொருளாளர் அண்ணன் வாட்ஸ்அப்ல ஒண்ணும் எழுதல, காலியான ஃப்ளாஸ்க்க மட்டும் போட்டோ எடுத்து போட்டார்.

ஆகஸ்ட் கூட்டத்துல ஏகமனதா போட்ட தீர்மானம்: குழு டிக்கெட்ல வர்ற யாரும் சைரனுக்கு முன்னாடி எழுந்து போகக்கூடாது, போனா அடுத்த மேட்சுக்கு இருபது பேருக்கு புளியோதரை கட்டிக்கிட்டு வரணும். முன்மொழிஞ்சது பொருளாளர், வழிமொழிஞ்சது என் பொண்ணு. அவளுக்கு ஓட்டு உரிமை இல்லன்னு நான் சொன்னத யாரும் கண்டுக்கல.

சரி, அடுத்த சீசன். எல்லாரும் கேக்கறது இதத்தான்.

அக்டோபர்ல நடந்தத பார்த்து தலை சுத்தாதவங்க யாரும் இல்ல. கார்ல்டன்லருந்து டி கோனிங்கும் ஜாக் சில்வாக்னியும் ஒப்பந்தம் முடிஞ்ச ஃப்ரீ ஏஜென்ட்டா வந்தாச்சு, கோல்ட் கோஸ்ட்லருந்து சாம் ஃபிளாண்டர்ஸ், வெஸ்ட் கோஸ்ட்லருந்து லியாம் ரையன். அதுக்கு முன்னாடியே நசாயா ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்து போட்டுட்டான், அடிலெய்டுக்கு போயிடுவான்னு ஊரே பேசிக்கிட்டு இருந்த பையன், லீக்கோட வருஷ சிறந்த டீமான ஆல்-ஆஸ்திரேலியன்ல இருக்கறவன், நம்ம க்ளப்போட சிறந்த ஆட்டக்காரர் விருது பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட்டும் அவனுக்குத்தான். என்னை கேட்டா நாலு பேர் வந்தத விட இந்த ஒரு கையெழுத்துதான் பெரிசு. சில்வாக்னி பத்தி ஒரு வார்த்தை: தாத்தா செர்ஜியோ, அப்பா ஸ்டீஃபன், எல்லாம் கார்ல்டன் குலசாமி மாதிரி குடும்பம், அந்த வீட்டுப் பையன் நம்ம செவப்பு வெள்ளை கருப்பு ஜம்பர போட்டுக்கிட்டு பின்னாடி நிக்கப்போறான்னு நெனச்சாலே எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஆனா மேட்ச் ஜெயிச்சா குடுக்கற நாலு பாயிண்ட்ட ட்ரேட்ல ஜெயிச்சா குடுக்க மாட்டாங்க. ஜாக் ஸ்டீல் மெல்போர்ன் டீமுக்கு போயிட்டார். கேப்டன், நடுவுல விழுந்து எழுந்து பந்த எடுத்துக் குடுத்த மனுஷன். ஓட்டம் கொறஞ்சு போச்சுன்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன், இருந்தாலும் மழைல சேத்துல பந்து மாட்டிக்கிட்டா யார் குனிவா? ஃபிளாண்டர்ஸ் பந்து நெறைய எடுக்கற ஆளுதான், சரி. நசாயாவ பின்னாடியே வச்சுக்காம நடுவுல முழுசா ஆட விடணும்னு நான் 2024-லயே சொன்னேன், அதுவும் மினிட்ஸ்ல இருக்கு, அத மட்டும் யாரும் மஞ்சள் தடவல.

அடுத்தது ரக், நடுவுல போடற பந்துக்கு எகிறி குதிக்கற ஒசரமான ஆளு. மார்ஷல் போயிடுவார்னு ட்ரேட் சமயத்துல பேச்சு அடிபட்டுச்சு, கடைசில இங்கயேதான் இருக்கார். இப்ப அவரும் டி கோனிங்கும். ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தியான்னு தலைவர் அண்ணன் கேக்கறார். நியாயமான கேள்வி. என் கணக்கு என்னன்னா, 2026-லருந்து நடுவுல பந்த தரையில அடிச்சு எழுப்பறத எடுத்துட்டாங்க, அம்பயர் மேல தூக்கிப் போடுவார், ரக்மேன் கோட்ட தாண்டிப் போய் எதிராளிய முட்டித் தள்ளவும் முடியாது. அப்ப ஒசரமா எகிறி குதிக்கறவனுக்குத்தான் லாபம், டி கோனிங் குதிக்கற ஆளு. சப்ஸ்டிட்யூட்டயும் எடுத்துட்டு பெஞ்சுல அஞ்சு பேர்னு ஆக்கிட்டாங்க, அதனால ரெண்டு பெரிய உடம்ப சுமக்கறது முன்ன அளவுக்கு கஷ்டம் இல்ல. மார்ஷல் முன்னாடி போய் மார்க் எடுக்கணும். எடுப்பாரா?

அது மேக்ஸ் கிங்க பொறுத்தது. 2022-ல 52 கோல் அடிச்ச பையன், 2025-ல ஒரு மேட்ச் கூட ஆடல, முட்டி. அவன் பதினஞ்சு மேட்ச் ஆடினா நாம வேற டீம். ஆடலன்னா லியாம் ரையன் எவ்வளவு ஒசரம் தாவினாலும் அது ஷோதான், 2018 கிராண்ட் ஃபைனல் கடைசி நிமிஷங்கள்ல அவன் எடுத்த மார்க்க யாரும் மறக்கல, ஆனா அவனே எல்லாத்தயும் சுமக்க முடியாது.

டிசம்பர் மொத வாரம் லீவு போட்டுட்டு நம்ம டீம் பயிற்சி எடுக்கற மூராபின் போய் ட்ரெய்னிங் பார்த்தோம், நானும் தலைவர் அண்ணனும். லின்டன் ஸ்ட்ரீட் வேலி ஓரமா நின்னா ஷூ சத்தம் கூட கேக்கும். டி கோனிங் வேலி பக்கம் தண்ணி குடிக்க வந்தார், தலைவர் அண்ணன் ஆறடி மனுஷன், அண்ணாந்துதான் பார்த்தார். கிங் எங்கன்னு கண்ணு தேடிக்கிட்டே இருந்துச்சு. ட்ரெய்னிங்ல எல்லாரும் நல்லாத்தான் தெரிவாங்க, டிசம்பர்ல எந்த டீமும் தோத்ததில்ல, அத வச்சு ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

புதுசா வந்தவங்க "ஏன் இப்படி பயப்படறீங்க, நல்ல டீம்தானே"ன்னு கேக்கறாங்க. தம்பிகளா, இந்த க்ளப் 1873-ல ஆரம்பிச்சது, இது வரைக்கும் கோப்பை ஒண்ணே ஒண்ணு, 1966, அதுவும் காலிங்வுட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல. கடைசி இடத்துக்கு குடுக்கற மரக்கரண்டி 27 தடவ, லீக்ல வேற யாருக்கும் அவ்வளவு இல்ல. மரக்கரண்டின்னா நம்ம ஊர்ல அகப்பை, சட்டில இருந்தாதானே அகப்பைல வரும், நமக்கு அகப்பை மட்டும் அலமாரி நெறைய இருக்கு. 2009-ல மொத 19 மேட்சும் ஜெயிச்சுட்டு கிராண்ட் ஃபைனல்ல ஜீலாங் கிட்ட 12 பாயிண்ட்ல போச்சு. 2010-ல காலிங்வுட் கூட 68-68 டிரா. நம்ம லெனி ஹேய்ஸ் அடிச்ச பந்து நம்ம ஸ்டீஃபன் மில்ன் கைக்கு வராம வேற பக்கம் துள்ளி ஓடுச்சே, அது நேரா துள்ளியிருந்தா நான் இந்த அறிக்கைய வேற தொனில எழுதியிருப்பேன். அடுத்த வாரம் திரும்ப ஆடி 56 பாயிண்ட்ல தோத்தோம். பொருளாளர் அண்ணன் மெல்போர்ன் வந்து எறங்கின மொத வருஷம் அது, பக்கத்து வீட்டுக்காரர் குடுத்த ஸ்கார்ஃப போட்டுக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்து, டிரா ஆனா என்ன பண்ணுவாங்கன்னு தெரியாம முழிச்சாராம், மைதானத்துல இருந்தவங்களும் அப்படித்தான் முழிச்சாங்க. அதுக்கப்புறம் இந்த 15 வருஷத்துல நாம ஜெயிச்ச ஃபைனல் ஒண்ணுதான், 2020-ல புல்டாக்ஸ் கூட, பிரிஸ்பேன் கேபா மைதானத்துல, மூணு பாயிண்ட்ல.

அதனால என் கருத்து, இது கமிட்டி கருத்து இல்ல: 2026-லருந்து வைல்ட்கார்ட் வந்துடுச்சு, பத்தாவது இடத்துக்கு வந்தாலே லீக் மேட்சுங்க முடிஞ்சப்புறமும் ஒரு மேட்ச் உண்டு. 12-லருந்து 10, ரெண்டு படி. இத்தனை பேர கோடிக்கணக்குல சம்பளம் குடுத்து கூட்டிட்டு வந்துட்டு அந்த ரெண்டு படி ஏறலன்னா லயனுக்கு சாக்கு கெடையாது. ஏறுவோம்னு நெனைக்கறேன். டாப் ஃபோர்னு குரூப்ல மெசேஜ் போடறவங்க தயவுசெய்து கிங் முட்டி பத்தி ஒரு நல்ல சேதி வந்தப்புறம் போடுங்க.

கணக்கு: பொருளாளர் தனியா வாசிப்பார். கையிருப்பு இருக்கு, பெரிசா இல்ல. போன வருஷம் வாங்கின கொடிய யாரோ வீட்டுக்கு கொண்டு போயிட்டாங்க, கொண்டு வந்து குடுத்துடுங்க, பேர் கேக்க மாட்டோம். சந்தாவ ஜனவரி கடைசிக்குள்ள கட்டிடுங்க.

மொத மேட்ச் மார்ச் 8, ஞாயித்துக்கிழமை, எம்சிஜி, காலிங்வுட் கூட. வேற எவனையும் போட தோணல அவங்களுக்கு. குழுவா உக்காரணும்னா டிக்கெட் எத்தனைன்னு பிப்ரவரி கூட்டத்துக்கு முன்னாடி எனக்கு சொல்லணும். மறுநாள் லேபர் டே, ஸ்கூல் லீவு, அத பொண்ணு காலண்டர்ல வட்டம் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. டீ பொருளாளர் அண்ணன் கொண்டு வர்றார், ரெண்டு ஃப்ளாஸ்க். புளியோதரை இந்த தடவ நான்.

இப்படிக்கு,
செயலாளர்