விளக்குக்குப் புதிய பேட்டரி தேடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும், பிரித்து வைத்த விளக்கின் படங்களும் கிடைத்தன. பேட்டரி இருபது நிமிடங்களில் ஓய்ந்துவிடுகிறது என்றும், பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த இரண்டு லித்தியம் அயான் செல்களைத் தொடரிணைப்பில் (ஒன்றன்பின் ஒன்றாக) வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வைக்காதே, அம்மா. காரணம் சொல்லாத தடையை நீ சிறு வயதிலிருந்தே மதித்ததில்லை என்பதால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

அந்தச் செல் ஒவ்வொன்றும் நிரம்ப 4.2 வோல்ட் தேவை. இரண்டுக்கும் சேர்த்து 8.4. உன் விளக்கின் சார்ஜரோ 6 வோல்ட் ஈய அமில பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அவ்வகைச் சார்ஜர்கள் பெரும்பாலும் 6.9 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடும். செல்லுக்கு 3.45 வோல்ட் என்பது லித்தியம் அயானைப் பொறுத்தவரை ஏறத்தாழக் காலியான நிலை என்பதால், இரவெல்லாம் சார்ஜில் வைத்தாலும் அது நிரம்பாது. நிரம்பவில்லையே என்று சார்ஜரின் வோல்ட்டை உயர்த்தினாலோ, அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை இல்லாத அந்தப் பழைய செல்களில் ஒன்று மற்றதை முந்திக்கொண்டு எல்லை தாண்டித் தீப்பற்றவும் கூடும்.

பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் முன் டிரைவரை, அதாவது எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றைப் பார். எல்.இ.டி.க்கு அருகே 'ஆர்300' என்று அச்சிட்ட இரண்டு சிறிய மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொன்றும் 0.3 ஓம், இரண்டும் சேர்ந்து 0.15 ஓம். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் அளவில் அவற்றின் இரு முனைகளையும் தொட்டுப் பார். 100 மில்லிவோல்ட் காட்டினால் எல்.இ.டி. வழியே ஏறத்தாழ 670 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். டிரைவர் அந்த 100 மில்லிவோல்ட்டை மாறாமல் வைத்திருக்கவே முயலும். ஆகவே ஒரு மின்தடையை மட்டும் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டால் மின்னோட்டம் பாதியாகிவிடும். வெளிச்சமும் பாதியாகிவிடுமே என்று தயங்காதே. குறைந்த மின்னோட்டத்தில் எல்.இ.டி.யின் செயல்திறன் கூடும், சூடும் குறையும். அதோடு நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதால், பாதி ஒளி பாதியாகத் தோன்றாது. நான் என் விளக்கில் இதைச் செய்தபோது, அருகில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த உன் அம்மா கவனிக்கவே இல்லை.

முன்பு எல்.இ.டி.க்கு 3.2 வோல்ட்டில் 2.1 வாட் போயிற்று. டிரைவரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 0.4 ஆம்பியர் எடுத்திருக்கும். இனி 0.2 ஆம்பியர் போதும். ஈய அமில பேட்டரியின் மேல் அதன் கொள்ளளவாக எழுதியிருக்கும் 4.5 ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு; வேகமாக எடுத்தால் அதுவும் சுருங்கும். மின்னோட்டத்தைக் குறைத்தால் எரியும் நேரம் இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாகவே நீளும் என்பது இதனால்தான்.

அதே வகைப் புதிய பேட்டரியையே வாங்கினாலும் தவறில்லை. ஆனால் அதைக் காலியாக விட்டுவைக்கக் கூடாது. நான் ஒருமுறை முழுதும் இறங்கிய பேட்டரியை அலமாரியில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோனேன். தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு அது சார்ஜே ஏற்கவில்லை. உன் மறதியும் என்னிடமிருந்து வந்ததுதான் என்பதால், உனக்கு அப்படிச் சல்பேட் படியாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களே பொருந்தும் என்று நினைக்கிறேன். 32700 அளவிலான (32 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம்) 6 ஆம்பியர் மணிச் செல்கள் இரண்டைத் தொடரில் சேர்த்தால் 6.4 வோல்ட். பழைய பேட்டரி இருந்த இடத்திலேயே அவை அடங்கும், 0.2 ஆம்பியரில் 30 மணி நேரம் அளவுக்கு எரியும். 6.9 வோல்ட்டிலேயே இவை ஏறக்குறைய நிரம்பிவிடும். இரண்டு செல்லுக்கான பாதுகாப்புப் பலகையும் ஒரு ஃபியூஸும் கட்டாயம் வேண்டும். இணைப்புத் தகடு ஒட்டிய செல்களாகவே வாங்கு. செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் வைக்காதே.

வாங்கும் முன் ஒன்று செய். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரின் முனைகளில் வோல்ட்டை அளந்து எழுது. 7.3-ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜர் இந்த இரண்டு செல்களுக்கும் பொருந்தாது என்று பொருள். அப்படியானால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
அப்பா