அந்த எரிமலை இன்னும் அணையவில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்தது. 3,070 மீட்டர் உயரமுள்ள அணைந்துபோன எரிமலை ஒன்று அங்கே இருக்கிறதாம், அதன் உச்சி வரைக்கும் குடும்பத்தோடு காரிலேயே போய் வரலாமாம். எழுதியவர் அந்தத் தீவில் கால் வைத்ததில்லை என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் அச்சுக்கு அனுப்பினீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் தங்கை அங்கே சேன் பியேர் ஊரில் வாக்கப்பட்டவள். நான் அவள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். அந்தத் தீவில் எரிமலை ஒன்றல்ல, இரண்டு. 3,070 மீட்டர் இருப்பது பிதோன் தே நேஜ். அது பல ஆயிரம் வருடமாகச் சும்மா கிடக்கிறது, சரி. ஆனால் அதன் உச்சிக்குக் காரும் போகாது, ஜீப்பும் போகாது. முதல் நாள் ஏற ஆரம்பித்து, வழியில் உள்ள மலைவிடுதியில் படுத்து, விடியுமுன் டார்ச் அடித்துக்கொண்டு மறுபடி ஏறினால் சூரிய உதயம் பார்க்கலாம். என் தங்கை மகன் போய்விட்டு வந்து, வீட்டு மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். கார் ஓரளவுக்காவது போவது இன்னொரு மலைக்கு. அதன் பெயர் பிதோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். அதிலும் பா த பெல்கோம் என்ற விளிம்போடு சாலை முடிந்துவிடும். அதற்கு அப்புறம் படியில் பள்ளத்துக்குள் இறங்கி, உறைந்த லாவா மேல் நடந்து, எரிமலை வாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஐந்து மணி நேரமாவது வேண்டும். அந்த விளிம்புக்குக் காரில் போகும் வழியில் பிளேன் தே சாப்ல் என்று ஒரு பொட்டல்வெளி வருகிறது, புல் பூண்டு இல்லாமல் கருப்பும் சிவப்புமாக. செவ்வாய்க் கிரகத்தில் இறக்கிவிட்டார்களோ என்று தோன்றும். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை, ஹோட்டல் நீச்சல் குளத்துக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

இந்த இரண்டாவது மலை அணையவே இல்லை ஐயா. உலகத்திலேயே அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. 2007 ஏப்ரலில் பொங்கியபோது உச்சியில் இருந்த டோலோமியூ பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது, லாவா தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் போய் விழுந்து புதிதாக நிலத்தையே உண்டாக்கியது. அந்த வாரம் முழுக்கத் தங்கை போனில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். 1977இல் சேன்த் ரோஸ் பக்கம் லாவா வீடுகளை எரித்துக்கொண்டு வந்து மாதா கோவில் வாசலில் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய்விட்டது. கோவில் இன்றைக்கும் இருக்கிறது, பெயரே 'லாவா மாதா' என்கிற மாதிரி மாற்றி வைத்துவிட்டார்கள். அதைப் பார்க்கவே பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வருகிறது. மலை அப்படிப் பொங்கிய பிறகுதான் மலையைக் கண்காணிக்க ஆய்வுக்கூடமே கட்டினார்கள். அணைந்துபோன மலைக்கு எதற்கு இரவு பகலாகக் காவல் என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

மாஃபாத், சிலாவோஸ், சலாசி மூன்றையும் எரிமலை வாய்கள் என்று வேறு எழுதியிருக்கிறார். வாய் இல்லை. முதலில் சொன்ன பிதோன் தே நேஜ் மலையின் உடம்பு இடிந்து சரிந்து, அதை மழை லட்சக்கணக்கான வருடமாக அரித்து அரித்து உண்டான பெரும் பள்ளத்தாக்குகள். என்ன மழை என்று கேட்பீர்கள். 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது, உலக சாதனை. 2024இல் ஃபெஞ்சல் புயலன்று நமக்கு ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெய்ததற்கே ஊர் என்ன பாடுபட்டது என்று உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாதா? சிலாவோஸுக்குப் போகும் சாலையில் நானூறு வளைவு என்பார்கள், நான் எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது, நடக்க வேண்டும் அல்லது ஹெலிகாப்டர். அங்கேயும் குடும்பங்கள் வாழ்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த மலை, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. நீங்கள் பீச் படம் போட்டீர்கள்.

படங்களாவது சரியா என்றால் அதுவும் இல்லை. பீச் படத்துக்குக் கீழே இருக்கும் ஏழு வண்ண மண் படம் மொரீஷியஸில் உள்ள சாமரேல். நடுவில் இருநூறு கிலோமீட்டர் போலக் கடல் இருக்கிறது. திருவண்ணாமலைக் கோபுரத்தைப் போட்டுச் சிதம்பரம் என்று எழுதினால் விடுவீர்களா?

ரீயூனியனைத் தனி நாடு என்றும் போட்டிருக்கிறது. வேறு ஊர்ப் பத்திரிகை போட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதலாமா? 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம், அங்கே செல்லுவது யூரோ. இந்தப் புதுச்சேரித் துறையிலும் காரைக்கால் துறையிலும் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே இன்றைக்கும் தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச வராது என்று உங்கள் ஆள் கேலியாக ஒரு வரி எழுதியிருக்கிறார். நூற்றைம்பது வருடம் கழித்து அவருடைய வாரிசுக்கு என்ன பேச வரும் என்று பார்ப்போம்.

இன்னொன்று. அந்தத் தீவுக்கும் நமக்கும் மண்ணிலேயே சொந்தம் இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து குழம்பு மேலே பொங்கிவரும் சூடான இடம் ஒன்று தீவுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேலாகச் சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் இந்தியா நகர்ந்து போனபோது பொங்கிப் பரவிய குழம்புதான் தக்காணத்துக் கரும்பாறை. அஜந்தா, எல்லோரா குடைந்தது அதில்தான். அப்புறம் மாலத்தீவின் அடித்தளம், மொரீஷியஸ் என்று வரிசையாக உண்டாகி, இப்போது ரீயூனியன். இதை எழுதியிருந்தால் எத்தனை பிள்ளைகள் ஆசையாகப் படித்திருக்கும்.

ஆனால் கல், மண் என்றால் உங்கள் பத்திரிகைக்கு எப்போதுமே அலட்சியம்தான். இதற்கு முன்னால் ஒரு சுற்றுலாச் சிறப்பிதழில் நம் கடற்கரைச் சாலை ஓரத்துக் கற்களை 'இயற்கை எழில் கொஞ்சும் பாறைகள்' என்று போட்டீர்கள். லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய கருங்கல் ஐயா அது! துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டி மணல் போக்கு நின்றபின் கடல் ஊருக்குள் வராமல் இருக்கப் போட்டது. நான் பாவாடை கட்டிய வயதில் அங்கே மணலில் விளையாடியிருக்கிறேன். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. திருவக்கரையில் பௌர்ணமிக்கு எத்தனை கூட்டம் என்று மாதா மாதம் படத்தோடு போடுகிறீர்கள், நானும் வக்ரகாளியைக் கும்பிடுகிறவள்தான், குறை சொல்லவில்லை. அதே ஊரில் சுமார் இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிப் படுத்துக் கிடக்கின்றனவே, அந்தப் பூங்காவைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நான் ஒரு வரி படித்ததில்லை. எங்கேயோ இருக்கிற தீவு என்றால் மட்டும் அரைப்பக்கம், அதுவும் தப்பும் தவறுமாக.

இவ்வளவு கோபத்துக்குக் காரணம் என் பேத்தி. ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் தீவுகள் பற்றி ப்ராஜெக்ட் கேட்டார்கள் என்று உங்கள் கட்டுரையை வெட்டி ஒட்டிவிட்டாள். அது தப்பு கண்ணு, சின்னப் பாட்டி ஊர் எனக்குத் தெரியாதா என்றால், "பேப்பர்லயே போட்டிருக்கு பாட்டி" என்கிறாள். போய்ப் பார்த்து வந்த நான் பொய், போகாமல் எழுதினவர் மெய்.

ஆகவே வரும் ஞாயிறு இணைப்பில், மூன்று வரி போதும், எந்த மலை அணைந்தது, எது அணையவில்லை, படம் எந்த ஊர் என்று திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் வரி விளம்பரத்துக்கு நடுவில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வரட்டும், பேத்தி வெட்டி எடுக்க வசதியாக இருக்கும். என் கடிதத்தைப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, போட மாட்டீர்கள் என்பதும் தெரியும். திருத்தம் மட்டும் புதன்கிழமைக்கு முன்னால் வந்தால் நல்லது, அன்றைக்குத்தான் அவள் ப்ராஜெக்ட்டை ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையை இன்னும் காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.