கோட்டுக்குள் பெய்த மழை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மழைக்கோட்டு ஒழுகுகிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறும்மா. (நீ அதை ஜாக்கெட் என்று எழுதியதைப் படித்த அம்மா, ரவிக்கையோடா மலையேறுகிறாள் என்று கேட்கிறாள்.)

ஒழுகல் என்றால் தையல் வழியாகவோ ஜிப் வழியாகவோ கோடாக இறங்கும். உனக்கு முதுகு முழுக்க ஒரே சீராக நனைந்திருக்கிறது. அது பெரும்பாலும் மழை இல்லை, உன் வியர்வை.

இந்தக் கோட்டில் வெளியே நைலான், அதற்கு உள்ளே ஒட்டிய மெல்லிய சவ்வு. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் கம்பியைச் சூடாக்கி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்தால் முறிந்தது. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார், முறியாமல் நீண்டு நுண்துளைகள் நிறைந்த பொருளாகிவிட்டது. அதைத்தான் சவ்வாக்கினார்கள். அதிலுள்ள நுண்துளைகளில் மழைத்துளி நுழையாது, வியர்வையின் ஆவி மட்டும் வெளியேறும். கோர்டெக்ஸ் என்ற மழைத்துணி பிறந்தது அப்படித்தான்.

ஆனால் சவ்வு தனியாக வேலை செய்யாது. மேல்துணியில் ஒரு பூச்சு உண்டு; தாமரை இலைத் தண்ணீர் போல மழையை உருட்டிவிடுவது அதுதான். அழுக்கும் உடம்பு எண்ணெயும் ஏறினால் பூச்சு அடங்கிப்போகும், மேல்துணி தண்ணீரைக் குடித்துவிடும். அப்புறம் ஆவி வெளியேற வழியில்லை, குளிர்ந்த துணியின் உட்புறத்தில் தண்ணீராகப் படியும். படத்தில் தோள்பட்டை கறுத்திருக்கிறதே, அந்த இடம்தான். புளோரின் ரசாயனம் இல்லாமல் வரும் இப்போதைய பூச்சுகள் எண்ணெயை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் கெட்டுவிடும் என்று நீ ஒதுக்கி வைத்ததுதான் தப்பு.

ஜிப்பையெல்லாம் மூடி, திரவ சோப்பில் துவை. துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே தண்ணீரை இழுக்கும், இரண்டு முறை அலசு. லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் உலர்த்து. அந்தச் சூடுதான் பூச்சை மறுபடி எழுப்பும். அப்போதும் துளி உருளவில்லை என்றால் மேலே தெளிக்கிற பூச்சு வாங்கிக்கொள்.

ஒரு விஷயம் மட்டும் பார். உட்புறம் பிசுபிசுப்பாகவோ, வெங்காயச் சருகு போல உரிந்தோ இருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. சில கோட்டுகளின் உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். என் பழைய கோட்டை ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்துவிட்டு, மறு வருஷம் எடுத்தபோது கையெல்லாம் வெள்ளைச் செதில். நாற்பது வருஷம் தையல் மிஷினோடு இருந்தும் எனக்கே அந்தப் புத்தி இல்லை.

புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால், 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். நூல் எவ்வளவு தடிமன் என்று சொல்லும் டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் குறைந்தால் கோட்டு லேசு, முள்ளில் கிழிவதும் சீக்கிரம். வியர்வை ஆவி எவ்வளவு வெளியேறும் என்று போட்டிருக்கும் எண்ணை நம்பிக் கடைக்குக் கடை ஒப்பிடாதே, ஆளுக்கொரு முறையில் சோதிக்கிறார்கள்.

அப்புறம், உள்ளே பருத்தி பனியன் போடாதே. ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்த மாதிரி தெரியாது.

துவைத்து உலர்த்தியதும் தோள்பட்டையைக் குழாயடியில் பிடித்து ஒரு படம் அனுப்பு.

அப்பா