‘காய்ந்த விறகு’ என்றால் எவ்வளவு காய்ந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் இரும்பு விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணாடிக் கதவு ஒரே நாளில் கறுத்துவிடுகிறது, தீ பற்றுவதற்குள் பொறுமை போய்விடுகிறது, புகைபோக்கியின் இணைப்புகளில் தார் போல ஏதோ ஒழுகுகிறது. உடனே அடுப்பின் மேல் பழி விழுகிறது. அடுப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு விறகை நடுவில் பிளந்து பார்த்தால், பல நேரம் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் ‘காய்ந்த விறகு’ என்கிறார், வாங்குபவரும் நம்பி வாங்குகிறார். அந்தச் சொல்லோடு ஓர் எண்ணும் வர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

அந்த எண் 20. விறகின் மொத்த எடையில் நீர் 20 சதவீதத்துக்குள் இருந்தால் அது அடுப்புக்கு ஏற்ற விறகு. 15 முதல் 20 வரை இருப்பது மிக நல்லது. புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி அளவுக்குக்கூட நீர் இருக்கும். ஆயிரம் கிலோ பச்சை விறகு வாங்குகிறவர் 500 கிலோ தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். 20 சதவீத ஈரமுள்ள விறகில் அதே ஆயிரம் கிலோவுக்கு 800 கிலோ மரம் கிடைக்கும். வெப்பக் கணக்கில், 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகு சுமார் 14 மெகாஜூல் தரும். பாதி நீராக உள்ள விறகு சுமார் 8 மெகாஜூல்தான் தரும்.

‘நீரை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் போய்விடுகிறது’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் போதும். அதைவிடப் பெரிய கேடு, தீயின் சூடு இறங்கிப்போவது. விறகில் நீர் நீங்கலாக உள்ள எடையில் முக்கால் பங்கு முதலில் வாயுவாகத்தான் வெளியேறுகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். ஈரவிறகு உள்ள அடுப்பில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. எரியாத வாயு புகையாகக் கிளம்பி, குழாயின் உட்சுவர் 120 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் படிந்து கிரியோசோட் என்னும் தாராகிறது. நாளடைவில் அது கண்ணாடி போல் இறுகிவிடும். ஒருநாள் அடுப்பைக் கொழுந்துவிட்டு எரியவிடும்போது அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் பிடிக்கும் தீ 1000 டிகிரியைத் தாண்டும். வீடு எரிவதற்கு அது போதும்.

இனி, விறகைத் தேர்ந்தெடுக்கும் முறை. கண்ணால் பார்க்கும் அடையாளங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: நிறம் வெளுத்திருக்கும், வெட்டுமுகத்தில் மையத்திலிருந்து விரிசல் ஓடும், பட்டை கையோடு வந்துவிடும், இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும், ஈரவிறகு ‘தொப்’ என்னும். இவற்றைப் பாருங்கள், ஆனால் இவற்றோடு நின்றுவிடாதீர்கள். மரத்தின் ஈரம் நார் ஓடும் திசையில் வெளியேறும் வேகம், குறுக்கே வெளியேறும் வேகத்தைப் போல 10 முதல் 15 மடங்கு. அதனால் வெட்டுமுகம் முதலில் காய்ந்து வெடித்துவிடும். ஒரு சாண் உள்ளே மரம் பச்சையாகவே இருக்கும். வெயிலில் கிடந்து வெளிப்புறம் சாம்பல் நிறமானதும் அப்படித்தான். விரிசல் சொல்வது அந்த முகத்தின் கதையை மட்டுமே. முழு உருளையாகக் கிடக்கும் கட்டையை எத்தனை மாதம் கிடந்தது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். பட்டை ஈரத்தை வெளியே விடாது.

நம்பத்தக்க வழி, ஈரமானி. இரண்டு ஊசி கொண்ட சிறிய கருவி. மரத்தின் மின்தடையை வைத்து ஈரத்தைக் கணக்கிடும். இதைப் பயன்படுத்துவதில் நடக்கும் தவறு, ஊசியை விறகின் வெளிப்புறத்திலோ வெட்டுமுகத்திலோ குத்துவது. அங்கே 14 காட்டும், உள்ளே 35 இருக்கும். விறகைக் கோடாலியால் இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுப்பகுதியில், இரண்டு ஊசியும் நாரின் திசையில் வரும்படி அழுத்திக் குத்த வேண்டும். குவியலின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து இரண்டு, அடியிலிருந்து இரண்டு என்று குறைந்தது ஐந்து விறகையாவது பாருங்கள். தடித்ததையே எடுங்கள். மானி 30க்கு மேல் காட்டினால் துல்லியமான எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். ‘இன்னும் பச்சை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பமும் உண்டு. பெரும்பாலான மானிகள் நீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன. மேலே நாங்கள் சொன்ன 20, மொத்த எடையோடு ஒப்பிட்டது. மானியில் 25 என்று வந்தால் அது மொத்த எடையில் 20 சதவீதம். 33 வந்தால் 25 சதவீதம். மானியோடு வரும் தாளில் எந்தக் கணக்கு என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மானியிலேயே 20க்குள் வரும் விறகை எடுப்பது பாதுகாப்பு.

மானி இல்லாதவர்களுக்குத் தராசு போதும். ஒரு விறகின் நடுப்பகுதியிலிருந்து (முனையிலிருந்து அல்ல) இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை அறுத்து உடனே எடை போடுங்கள். அதைச் சிறு துண்டுகளாக்கி, 103 டிகிரி அளவில் மின்அவனில் வைத்து, இரண்டு மணி நேர இடைவெளியில் போட்ட எடை இரண்டு முறையும் ஒன்றாக வரும்வரை காயவிடுங்கள். 500 கிராம் இருந்தது 400 கிராம் ஆனால், போன 100 கிராம் நீர். ஈரம் 20 சதவீதம். மைக்ரோவேவ் அவனில் இதைச் செய்ய வேண்டாம், துண்டின் உட்புறம் கருகித் தீப்பற்றும்.

விலை பேசும்போது எடைக்கா, கன அளவுக்கா என்று கேளுங்கள். எடைக்கு விற்றால் ஈரம்தான் உங்கள் நஷ்டம். மர இனம் அவ்வளவு முக்கியமில்லை. ஒரே அளவு காய்ந்த எந்த மரமும் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரே வெப்பம்தான் தரும். கன அளவுக்கு விற்றால் கதை மாறும். சவுக்கு, கருவேலம் போன்ற கனத்த மரங்களில் ஒரு கன மீட்டருக்குள் அடங்கும் எடை அதிகம். பஞ்சு போன்ற மரங்களில் பாதிகூட இருக்காது. ஒழுங்காக அடுக்கிய ஒரு கன மீட்டரில் மரம் 0.65 முதல் 0.7 கன மீட்டர்தான், மிச்சம் காற்று. கொட்டிக் குவித்ததில் அதைவிடக் குறைவு.

நல்ல விறகு கிடைக்காவிட்டால் பச்சையாக வாங்கி நாமே காயவைக்கலாம். அதில் அவசரம் உதவாது. அடுப்பின் உள் நீளத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவாக அறுத்து, 8 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். பிளக்காத கட்டையை அடுக்குவது வீண் வேலை. தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி, காற்று ஊடே போகும்படி ஒற்றை வரிசையாக அடுக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் கரையான் வீட்டுக்குள் வர வழியாகும். மேலே மட்டும் மூடுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டுகிறவர்கள் விறகை அவிக்கிறார்கள். உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். மென்மையான மரம் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் காயும். கனத்த மரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வருடம் ஆகும். ஒரு விறகில் அடையாளம் இட்டு மாதம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். பாதி நீராக இருந்த ஒரு கிலோ விறகு 625 கிராமுக்கு இறங்கினால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது என்று பொருள். எடை இறங்காமல் நின்றுவிட்டால் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது. திறந்த வெளியில் அதற்குமேல் காயாது.

காய்ந்த விறகு மழையில் நனைந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. அது மேல் ஈரம், காற்றில் சில நாளில் போய்விடும். உளுத்த விறகு அப்படியல்ல, பஞ்சு போல நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எரிவதற்கான பொருளும் அதில் குறைந்திருக்கும். சூளையில் 10 சதவீதத்துக்கும் கீழே காய்ந்ததும் சரிப்படாது: வாயு ஒரேயடியாகக் கிளம்பும், அதற்கு ஈடாகக் காற்று கிடைக்காது, மறுபடியும் புகைதான். பெயின்ட் அடித்தது, மருந்து ஏற்றிய மரம், பிளைவுட், கடலில் மிதந்து உப்பேறிய கட்டை, அரளி ஆகியவற்றை எவ்வளவு காய்ந்திருந்தாலும் அடுப்பில் போடக் கூடாது.

அடுப்புக்குள் போட்ட பிறகும் விறகு உண்மையைச் சொல்லிவிடும். முனையில் நுரை தள்ளி ‘சீய்’ என்று சத்தம் வந்தால் ஈரம். முதல் கால் மணி நேரம் புகை வருவது இயல்பு. அதற்குப் பிறகும் புகைபோக்கியின் தலையில் திரண்ட வெண்புகை நின்றால் விறகை மாற்றுங்கள். அந்த நேரத்தில் காற்றுத் திறப்பை மூடி ‘நிதானமாக எரியட்டும்’ என்று விடுவது கார்பன் மோனாக்சைடையும் தாரையும் கூட்டும். ஈரவிறகைச் சூடான அடுப்பின் மேல் சாய்த்து வைத்து உலர்த்துவது இன்னும் ஆபத்து. விறகு அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

உங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் விறகு விற்பவர்கள் ‘நன்கு காய்ந்தது’ என்று மட்டும் போடாமல், ஈரம் எத்தனை சதவீதம், எந்தக் கணக்கில், எப்போது பிளந்தது என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும்படி ஆசிரியர் குழு கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். கூடுதலாக ஒரு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
விறகு அடுப்பு பொருத்தும், பராமரிக்கும் வேலையில் உள்ள வாசகர்கள்