சோலோவுக்கு முன்னால்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய 'மைனர் ஸ்விங்' கேட்டேன். சோலோவில் வேகம் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் பின்னணி ரிதமை யூடியூபிலிருந்து எடுத்து ஓடவிட்டிருக்கிறாய். மெல்லிசைக் குழுவில் காலமெல்லாம் ரிதம் கிதார் பிடித்த அப்பனுக்கு அது உறுத்தாதா?

அந்த 'மைனர் ஸ்விங்'கை வாசித்த ஜாஸ் கிதார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்றாலே எல்லோரும் தீ விபத்தைத்தான் பேசுகிறார்கள். 1928-இல் அவர் குடியிருந்த கூண்டு வண்டி எரிந்தது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் பற்றிய தீ. பதினெட்டு வயதில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப் போயின. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு இது போதும், அதற்கு மேல் பாட்டைக் கேட்க மாட்டார்கள்.

நீ கேள். 1934-இல் பாரிஸில் தொடங்கிய அந்த ஐவர் குழுவில் மூன்று கிதார், ஒரு வயலின், ஒரு பேஸ். டிரம்ஸே கிடையாது. டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையைப் பின்னாலிருக்கும் கிதார்கள் செய்தன. நாலடித் தாளத்தின் இரண்டாவது, நான்காவது அடியில் தந்தியைத் தட்டியதும் இடது கைப் பிடியைத் தளர்த்திவிட வேண்டும். 'சக்' என்று ஒலி அறுந்து நிற்கும். வயலின்காரர் கிராப்பெல்லி சோலோவில் இறங்கிவிட்டால் ஜாங்கோவும் அந்த ரிதமில் சேர்ந்துகொள்வார். மடங்கிய விரல்களை மேல் ஸ்தாயித் தந்திகளில் கார்டுக்கு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிக்கு) முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டு, இடையிடையே குமுறலாக ஒரு நடுக்கம் கொடுப்பார் பார், அவர் சோலோவை விட எனக்கு அதுதான் உயிர்.

1953-இல் 43 வயதில் போய்விட்டார். மறு வருடமே அமெரிக்காவில் ஜாஸ் பியானோக்காரர் ஜான் லூயிஸ் அவர் நினைவாக எழுதிய 'ஜாங்கோ' ஒலிப்பதிவானது. பர்மிங்ஹாமில் தொழிற்சாலை விபத்தில் விரல்நுனி இழந்து, கிதாரே வேண்டாம் என்றிருந்த 'பிளாக் சப்பாத்' குழுவின் டோனி அயோமிக்கு அவருடைய ஃபோர்மேன் போட்டுக் காட்டியதும் ஜாங்கோவின் இசைத்தட்டுதான். உன் ஹெவி மெட்டல் ஆட்களுக்கும் அவர் ஒருவகையில் தாத்தா! ஜாங்கோ பிறந்த மனூஷ் என்ற ஜிப்சி இனத்தின் ஐரோப்பியக் குடும்பங்களில் இன்றும் சிறுவர்கள் முதலில் ரிதம்தான் பிடிக்கிறார்கள்.

அதனால் சோலோவை ஒரு மாதம் மூட்டை கட்டு. தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து, ஏ மைனர், டி மைனர், ஈ செவன்த் என்ற மூன்று கார்டுகளை மட்டும் வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. ஜாங்கோ வாசித்த செல்மர் மாதிரி கிதாருக்குப் பணம் கேட்டாயே, உன் பதிவைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன். அதுவரை அம்மாவிடம் விலையைச் சொல்லித் தொலைக்காதே.

அன்புடன்,
அப்பா