போனை எடுப்பவருக்கும் ஸ்டென்ட் என்றால் என்னவென்று தெரியட்டும்: கிளினிக் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் இதயப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்த செவிலியர். இந்த மடலை எழுத வைத்தது என் வேலை அல்ல, என் அப்பாவுக்கு நடந்தது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். ஒரு பல் கிளினிக்குக்குப் போன் செய்து, "ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சாப்பிடுறேன், என்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறார். நான் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன், எழுப்ப மனம் வரவில்லையாம். போனை எடுத்த பெண், "ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்றார். அப்பா இரண்டையும் நிறுத்தினார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டி மாரடைப்பு வந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். இப்போது ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நிற்கிறார்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டென்ட் என்றால் என்ன, அந்த இரண்டு மாத்திரைகள் எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டவருக்கு ஏதாவது பதில் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மட்டும்தான் பழக்கியிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல் அவருக்கு இல்லாமல் உங்களுக்கு.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். ஸ்டென்ட் என்பது அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் சின்ன உலோக வலைக்குழாய். ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். குழாயின் உள்சவ்வு அதன்மேல் வளர்ந்து மூடும் வரை ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். மூடுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைத்திருப்பவைதான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். குளோபிடோக்ரெலுக்குப் பதில் சிலருக்கு டிகாக்ரெலார் தருவார்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக இரண்டும் ஓராண்டு தேவை. ஆஸ்பிரின் ஒரு தட்டணுவைச் செயலிழக்கச் செய்தால் அது திரும்ப எழாது, ஆனால் ஒரு தட்டணுவின் ஆயுளே 7 முதல் 10 நாள்தான். மாத்திரையை நிறுத்திய ஒவ்வொரு நாளும் புதுத் தட்டணுக்கள் முழு வேகத்தோடு வந்து சேர்கின்றன. அப்பாவுக்கு அந்த ஐந்து நாளில் நடந்தது அதுதான். பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து அழுத்தலாம், ஒரு தையல் போடலாம். அதற்காக இந்த மாத்திரைகளைப் பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் அதை இதய மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே உங்கள் போன் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி ஒட்டுங்கள்: "மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு இன்னிக்கே கூப்பிடுறேன்." சொன்னபடி அன்றைக்கே திரும்பக் கூப்பிடவும் வேண்டும்.

இதோடு பலரும் குழப்பிக்கொள்வது வார்ஃபரின். எல்லாவற்றுக்கும் கவுண்டரில் பிளட் தின்னர் என்று ஒரே பெயர்தான், ஆனால் வேலை வேறு. ஆஸ்பிரின் தட்டணுக்களைத் தடுக்கிறது. வார்ஃபரின், ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் உருவாக்கும் இடத்திலேயே குறைக்கிறது. 1940களின் இறுதியில் எலி மருந்தாக விற்கப்பட்ட பொருள் இது, 1954இல்தான் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அளவு கூடினால் உள்ளே ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். அதனால்தான் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும், இதயத்தில் பொருத்திய சில உலோக வால்வுகளுக்கு இன்னும் கொஞ்சம் மேலே. சளிக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு ஆன்டிபயாடிக்கே இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். வார்ஃபரின் சாப்பிடுபவர் போன் செய்து, "கீழே விழுந்து தலையில் அடிபட்டுச்சு, ஆனா இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்றால் அவரை அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நாளைக் காலைக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்கக் கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் அப்படியே.

அடுத்தது, "கேஸ்", அதாவது வாயுத் தொல்லை. நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்று வருபவர்களில் பாதிப்பேர் அதைக் கேஸ் என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். கவுண்டரில் இருப்பவரும் அதை நம்பி டோக்கன் கொடுத்து உட்கார வைப்பார். நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து அதை ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க இருக்கும் விதி. அந்த 10 நிமிடம் தொடங்குவது மருத்துவர் அறையில் அல்ல, கவுண்டரில். அதிலும் பெண்களுக்கும், முதியவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்கும், குப்பென்று வியர்க்கும், வாந்தி வரும், தாடையோ முதுகோ கனக்கும், காரணமே தெரியாமல் உடம்பு அசந்து போகும். "எனக்கு என்னவோ சரியில்லை" என்று சாம்பல் பூத்த முகத்தோடு நிற்பவரை வரிசையை உடைத்து உள்ளே அழைத்துப் போகும் அதிகாரத்தை உங்கள் ஊழியருக்குக் கொடுங்கள். பத்தில் ஒன்பது முறை அது வெறும் கேஸாகவே இருந்தாலும் அவரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் பத்தாவது முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

ஈசிஜி எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. நெஞ்சில் ஒட்டும் மின்முனைகளில் வி1, வி2 இரண்டையும் நெஞ்செலும்பின் இருபுறமும் நான்காவது விலா இடைவெளியில் ஒட்ட வேண்டும். அவசரத்தில் பலரும் மேலே தள்ளி ஒட்டுகிறார்கள், இல்லாத கோளாறு தாளில் வந்து நிற்கிறது. இன்னொன்று, முதல் ஈசிஜி சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகலாம். "ஈசிஜி நார்மல், வீட்டுக்குப் போங்க" என்று சொல்வது ஊழியரின் வேலை அல்ல.

மற்ற மாத்திரைகளைப் பெயரின் வாலைப் பிடித்தே அடையாளம் காணலாம். "லால்" என்று முடிபவை மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் வகை. துடிப்பின் வேகத்தைக் குறைப்பவை, திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலி திரும்பத் தாக்கும். சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இவை மறைத்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். "பிரில்" என்று முடிபவை ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள். இவற்றால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருப்பவரிடம் பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேளுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசரம், பல ஆண்டுகள் சாப்பிட்ட பிறகும் வரலாம். பிரஷருக்கே தரும் "சார்ட்டான்" வகையில் அந்த இருமல் பெரும்பாலும் இல்லை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். கொலஸ்ட்ராலுக்கான "ஸ்டாட்டின்" சாப்பிடுபவர் தசை வலியோடு சிறுநீர் அடர் பழுப்பாகப் போகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்காக வந்த மருந்து, இப்போது சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் தரப்படுகிறது. "எனக்குச் சுகர் இல்லையே, ஏன் எழுதியிருக்காங்க?" என்று சீட்டை நீட்டுபவரிடம் "தப்பா எழுதிட்டாங்க போல" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர் அதைத் தொடவே மாட்டார்.

பெயர்க் குழப்பமும் சாதாரணமானது அல்ல. அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்று மாத்திரையையும் லேசிக்ஸ் என்ற நீர் பிரியும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்ததால், 1990இல் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். போனில் மருந்துப் பெயர் கேட்டால் எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்து, அளவையும் கேட்டு எழுதுவது நல்லது.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், கூச்சத்தால் மறைக்கப்படும் விஷயம் இது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், அதே வகையான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட் கொடுத்தால் ரத்த அழுத்தம் அடியோடு சரிந்துவிடும். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் "இல்லை" என்பார்கள். திரையை மூடி, குரலைத் தாழ்த்தி, எல்லோரிடமும் கேட்கும் கேள்வி என்று சொல்லிக் கேட்கப் பழக்குங்கள்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஆனால் நான் கெஞ்சிக் கேட்பது அதற்கும் முந்தைய ஒரு கேள்வி: "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிட்டு வருகிறார்கள். இது தெரியாமல் மருத்துவர் அளவைக் கூட்டிவிடுகிறார். அப்புறம் வீட்டில் தலை சுற்றி விழுகிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவரின் எடை மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அது கொழுப்பு அல்ல, தேங்கிய நீர். எடை பார்க்கும் ஊழியர் எண்ணை எழுதுவதோடு போன முறை எழுதியதையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், மூச்சுத் திணறலுக்கு முன்பே பிடித்துவிடலாம்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க அரை நாள் போதும். கிளினிக்கை ஒரு மதியம் மூடுங்கள். கவுண்டரில் இருப்பவர், மருந்து எடுத்துக் கொடுப்பவர், ஈசிஜி எடுப்பவர், துப்புரவு செய்பவர் எல்லோரையும் உட்கார வையுங்கள். மயங்கி விழுபவரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் துப்புரவு செய்பவர்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்த அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் நானும் வந்து சொல்லித் தருகிறேன்.

அப்பாவுக்கு இன்னொரு பல் ஆடத் தொடங்கியிருக்கிறது. அதே கிளினிக்குக்குத்தான் போவேன் என்கிறார், அந்தப் பெண் பாவம், நல்ல பிள்ளை என்கிறார். இந்த முறை போனை எடுப்பவர் முதல் கேள்வியாக, "ஸ்டென்ட் வெச்சு எத்தனை மாசம் ஆச்சு, அப்பா?" என்று கேட்க வேண்டும். அதை அவருக்கு யார் சொல்லித் தரப் போகிறீர்கள்?

இப்படிக்கு,
ஒரு செவிலியர்