விசாரணைக் கைதிகளுக்குக் கணுக்கால் பட்டையுடன் வீட்டுக் காவல் கேட்டு மனு

பெறுநர்: விசாரணைக் கைதிகள் பொறுப்பு அதிகாரி அவர்கள், டர்பன், தென்னாப்பிரிக்கா.

அனுப்புநர்: பேவியூ ஃப்ளாட்டில் குடியிருக்கும் ஒரு தாய், சாட்ஸ்வொர்த்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிறையில் இருக்கும் என் மகனின் கணுக்காலில், ஆள் எங்கே இருக்கிறான் என்று காட்டும் மின்னணுப் பட்டையை மாட்டி வீட்டிலேயே காவலில் வைக்கச் சொல்லி முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறேன். பேவியூ ஃப்ளாட்டுகளைத் தாங்கள் அறிவீர்கள். அந்த மாடிப் படிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

1. என் மகன் மீது கிடங்கில் சரக்குத் திருடியதாக வழக்கு. விசாரணை இன்னும் தொடங்கவில்லை. 3,000 ரேண்ட் கட்டினால் ஜாமீனில் போகலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்களிடம் அந்தப் பணம் இல்லை. அவன் உள்ளே கிடப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

2. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆளும் கனமானவர். மகன்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பான், குளிப்பாட்டுவான், கிளினிக் நாளில் முதுகில் சுமந்து படியிறங்குவான். இப்போது நான் ஒருத்திதான். புரட்ட முடியாமல் இடுப்பில் படுக்கைப்புண் வந்து குழி விழுந்துவிட்டது. துணி மாற்றும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார், சத்தம் போட்டால் நான் அழுவேன் என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் காலையில் வேலைக்குப் போகிறவர்களை நடு ராத்திரியில் எழுப்ப முடியுமா? கிளினிக்குக்கு அவரைத் தூக்கிப் போக ஆளில்லாமல் நான் மட்டும் போய் மருந்து வாங்கி வருகிறேன். புண்ணைப் பார்க்காமல் நர்ஸ் என்ன சொல்வார்? மகனை வீட்டிலேயே அடைத்து வையுங்கள் ஐயா, அவன் இருக்க வேண்டிய இடமே அந்தக் கட்டில் பக்கம்தான்.

3. 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில், ஜாமீனில் போகிறவரைச் சிறைத்துறை அதிகாரியின் மேற்பார்வையில் வைக்கலாம் என்று இருக்கிறது. சிறை நெரிசல் ஆபத்தான அளவுக்குப் போனால், சில குற்றங்களில் பணம் கட்ட முடியாதவருக்காகச் சிறைத் தலைவரே நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது அதே சட்டத்தின் 63ஏ பிரிவு. அப்புறம் சிறைகளுக்கான திருத்தச் சேவைச் சட்டத்தின் 49ஜி பிரிவு, விசாரணைக் கைதியை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதென்றால் விஷயத்தை நீதிமன்றத்தின் முன் வைக்கச் சொல்கிறது. இரண்டு ஆண்டு! அதுவரை என் வீட்டுக்காரர் இருப்பாரா?

4. 2012-இல் நம் நாட்டில் கணுக்கால் பட்டையைச் சோதித்துப் பார்த்தார்கள். விசாரணைக் கைதிகளுக்குக் கொடுத்துப் பாருங்கள், ஆனால் கணக்கை நேர்மையாக எடுங்கள். வாய்தாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மறுபடி பிடிபட்டார்கள் என்பதைச் சிறையோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. பட்டையில்லாமல் ஜாமீனில் போனவர்களோடும் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் சும்மாவே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் காலிலும் பட்டை ஏறும். மின்சாரம் போய்ச் சார்ஜ் தீர்ந்தால் தப்பி ஓடியதாக எழுதிவிடாதீர்கள். கிளினிக் போக அனுமதி கொடுங்கள். பட்டைக்கு வாடகை கேட்காதீர்கள், 3,000 ரேண்ட் இல்லாதவள் அதற்கு எங்கே போவேன்?

5. பதிலாவது போடுங்கள் ஐயா. முடியாதென்றால் முடியாதென்று எழுதுங்கள். எத்தனை தடவைதான் கேட்பது?

தயவுசெய்து ஓர் அதிகாரியை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, என் வீட்டுக்காரரையும் அந்தப் புண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன் அந்த அறிக்கையை நீதிமன்றத்தில் வையுங்கள். பணத்துக்குப் பதிலாக வீட்டுக் காவல் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்